சம்பளம் வாங்காத நடிகர்கள்

என் தம்பி மூன்றாவது எபிசோடோடு எழுந்து போய்விட்டான். "என்னண்ணா இது, காலையில பாட்டுப் பாடிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறா, நடுவுல மிட்டாய் தின்றா, ராத்திரி பேய வெட்டுறா. மறுநாளும் அதேதான்" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 'பிளட்-சி' என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரின் முன்பாதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. நானும் அவனோடு எழுந்து போயிருக்க வேண்டியவன்தான். சோம்பலில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சோம்பல் என்னைப் பன்னிரண்டாவது எபிசோடில் கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து அதன் தொடர்ச்சியான 'த லாஸ்ட் டார்க்' என்ற திரைப்படம் வரை இழுத்துக்கொண்டு போனது.

கதையை உடைத்துத்தான் எழுதப் போகிறேன். உடைக்காமல் இதைப் பற்றிப் பேச வழி இல்லை. பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

தொடர் ஜப்பானில் 2011 ஜூலையில் தொடங்கியது. நம்மூர் மெகா சீரியல் கணக்கில் ஒரு மாதம்கூட வராது, மொத்தமே 12 எபிசோட். தயாரிப்பு புரொடக்ஷன் ஐ.ஜி. கதையும் பாத்திர வடிவமும் கிளாம்ப். நான்கு பெண்கள் சேர்ந்த மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) குழு அது, 'கார்ட்கேப்டர் சகுரா'வைக் கொடுத்தவர்கள். இயக்குநர் மிசுஷிமா சுதோமு. இவர் சின்சான் திரைப்படங்களை எடுத்தவர் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே சின்சான்தான்.

கிசராகி சயா என்ற பெண். இரட்டைக் குதிரைவால் முடி, கண்ணாடி, நடந்தால் தடுக்கி விழும் சுபாவம். உகிஷிமா என்ற சிற்றூரின் கோயிலில் அப்பாவோடு இருக்கிறாள். பகலில் பள்ளிக்கூடம். இரவில் அப்பா சொன்னால் கோயில் வாளை எடுத்துக்கொண்டு போய் 'ஃபுருகிமோனோ'க்களை வெட்ட வேண்டும். பழையவை என்று பொருள். மனிதர்களைத் தின்னும் பழைய ஜீவன்கள். வழியோரத்தில் நிற்கும் கல் சாமி மாதிரி ஒன்று, வேறு ஏதோ பொருள் மாதிரி இன்னொன்று என்று வரும்.

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் தானே கட்டிய ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போவாள். இன்றைக்கு வானம் நன்றாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது என்ற ரகம். சயாவுக்குக் குரல் கொடுத்தவர் மிசுகி நானா. 2011 டிசம்பரில் டோக்கியோ டோம் அரங்கையே நிரப்பிய பாடகி. அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி முனக விட்டிருக்கிறார்களே என்று முதலில் தோன்றியது. அது வேண்டுமென்றே செய்தது என்று புரியப் பத்து வாரம் ஆகும்.

இப்போது அந்த மிட்டாய்க்கு வருகிறேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. பெயர் 'கிமோவ்', பிரெஞ்சில் மார்ஷ்மெல்லோ. கடைக்காரன் நனஹாரா ஃபுமிதோ. மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், எந்நேரமும் ஏப்ரன். சயாவுக்குக் காலைச் சாப்பாடு அவன் கடையில். பள்ளிக்குக் கட்டுச்சோறும் அவன் கைதான். இரவில் ரத்தம் தோய்ந்து போராடிவிட்டு வருகிறவளுக்கு மறுநாள் காலை வெள்ளை வெளேரென்று பஞ்சு போன்ற அந்த மிட்டாயைத் தட்டில் வைத்துக் காபியோடு நீட்டுவான். அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். மெத்து மெத்தென்று இருக்கிறது என்பாள். கேமரா அவள் முகத்தில் நிற்காமல் அவன் முகத்துக்குப் போகும். அவன் சிரித்தபடி அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தக் காட்சி எத்தனை முறை வருகிறது என்று எண்ணவில்லை. ஆனால் நான்காவது, ஐந்தாவது முறையில் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. பேய் வரும் இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் ஒருத்திக்கு அன்பாகச் சாப்பாடு போடும் இடத்தில் ஆனது. சாப்பிடுகிறவளைப் பார்க்கிற பார்வையில் பசி தீர்கிறதா என்ற அக்கறை இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்ற கவனம்தான் இருக்கிறது. நல்ல திகில் படத்தின் கைவேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் சத்தம்.

ஊரே செட் என்பது கடைசியில்தான் தெரிகிறது. உகிஷிமா என்று ஓர் ஊரே இல்லை. தோழிகள், இரட்டையர்கள், வகுப்பாசிரியை, இவளை விரும்பும் பையன் எல்லாரும் ஆள்பிடித்து நடிக்க வைத்தவர்கள். அப்பாவும் அப்பா இல்லை. சயா மனுஷியே இல்லை. ஃபுருகிமோனோவை வேட்டையாடி உயிர்வாழும் தனிப்பிறவி. அவளைப் பிடித்து, நினைவை அழித்து, ஒரு பள்ளி மாணவியின் வாழ்க்கையை மேலே போர்த்தி வைத்தவன் அந்தக் காபிக் கடைக்காரன். இருவருக்கும் நடுவில் ஒரு பந்தயம். ஒருவரின் சுபாவத்தை மாற்ற முடியுமா, முடியாதா? வென்றவருக்குப் பரிசு, தோற்றவருக்குத் தண்டனை.

அந்தப் பாட்டு, தடுக்கி விழுவது, ஊரை நான் காப்பேன் என்று அடிக்கடி சொல்வது, ஒவ்வொரு நாளும் முந்தின நாள் மாதிரியே இருப்பது எல்லாம் அப்போது வேறு மாதிரி திரும்புகின்றன. மோசமான திரைக்கதை என்று நாம் நினைத்தது, கதைக்குள்ளேயே இருக்கும் மோசமான திரைக்கதை. நடிகர்களே ஒரு கட்டத்தில் வசனத்தைப் பற்றி முணுமுணுக்கிறார்கள். என் தம்பி சொன்ன குறையைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். இது தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பார்க்கிறவனை அத்தனை வாரம் கொட்டாவி விடவைத்தது நியாயமா என்றால், எனக்கு இன்றைக்கும் பாதி மனசுதான்.

அப்புறம் பன்னிரண்டாவது எபிசோட். வேலை முடிந்ததும் செட்டைக் கலைக்க வேண்டுமே. ஃபுமிதோ கலைக்கும் விதம், ஊரில் இருந்த அத்தனை பேரையும் ஃபுருகிமோனோக்களுக்கு விட்டுவிடுவது. முயல் காது வைத்த பெரிய பெரிய பிராணிகள் ஊருக்குள் இறங்கி மனிதர்களைக் கொத்தாக அள்ளிப் பிழிகின்றன. டிவியில் போட்டபோது திரையில் கணிசமான இடத்தைக் கறுப்பும் வெளிச்சமும் பூசி மறைத்தார்கள். முழு உருவம் டிஸ்க்கில்தான் வந்தது. மறைத்தால் பயம் கூடும் என்று சொல்வார்கள். எனக்குக் கூடவில்லை, எரிச்சல்தான் வந்தது. மறைக்காமல் பார்த்தபோதும் பயம் வரவில்லை. ஒரு கசாப்புக் கடை வாசலில் அரைமணி நேரம் நிற்க வைத்த மாதிரி இருந்தது. 2015-ல் சீனக் கலாசார அமைச்சகம் தடைப்பட்டியலில் போட்ட 38 அனிமே, மங்காக்களில் இதுவும் ஒன்று. ஏன் என்று கேட்க இந்த ஓர் எபிசோடைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

கடைசியில் ஃபுமிதோ தப்பி ஓடும்போது சயாவின் முகத்தைக் குறிவைத்துச் சுட்டுவிட்டுப் போகிறான். அவள் விழுகிறாள், எழுகிறாள், நடக்கிறாள். தொடர் முடிந்தது. மீதியைத் திரையரங்கில் காண்க.

சாப்பாட்டை இலையில் போட்டுவிட்டு ரசத்துக்கு அடுத்த வீட்டுக்குப் போ என்று சொல்கிற மாதிரி இருக்கும் இந்த வழக்கம் ஜப்பானில் புதிதல்ல. 'எவாஞ்செலியன்' 1996 மார்ச்சில் டிவியில் ஒரு விதமாக முடிந்து, 1997 ஜூலையில் திரையரங்கில் வேறு விதமாக முடிந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது நல்ல வியாபார வழியாகவும் ஆனது. நள்ளிரவு அனிமேவுக்கு அப்போது டிவி விளம்பரக் காசைவிட டிஸ்க் விற்பனைதான் பெரிதாக இருந்தது. முடிச்சைப் படத்துக்கு ஒத்தி வைத்தால் டிக்கெட்டும் விற்கும், அப்புறம் இன்னொரு டிஸ்க்கும் விற்கும். இந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு எட்டு மாதக் காத்திருப்பு. 2012 ஜூன் 2 அன்று படம் வந்தது. நான் பின்னால் டிஸ்க்கில்தான் பார்த்தேன்.

படத்துக்கு இயக்குநர் மாறிவிட்டார். ஷியோதானி நாவோயோஷி. எழுத்து கிளாம்பின் ஒகாவா நானாசேயும், 'பிளட்' வரிசையோடு தொடக்கத்திலிருந்தே இருக்கும் ஃபுஜிசாகு ஜுன்இச்சியும். தலைப்பே வரிசையின் முதல் படத்துக்கு ஒரு வணக்கம். 2000-ல் வந்த 'பிளட்: த லாஸ்ட் வாம்பயர்' முக்கால் மணி நேரம்தான் ஓடும், வியட்நாம் போர்க்காலம், ஜப்பானில் இருக்கும் அமெரிக்க விமானத்தளம், வாளோடு சயா என்றொரு பெண். 2005-ல் தொடங்கி 50 எபிசோட் ஓடிய 'பிளட்+' தொடரிலும் சயா. பெயரும் வாளும் ஒன்று, கதையும் ஆளும் வேறு. நாட்டார் கதையில் ஒரே அம்மன் ஊருக்கு ஒரு பிறப்புக் கதையோடு இருப்பதில்லையா, அப்படி எடுத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

படம் டோக்கியோ சுரங்க ரயிலில் தொடங்குகிறது. பயணிகளின் நடுவே ஒருவனைத் தேடி சயா வருகிறாள். இரட்டைக் குதிரைவால் இல்லை, கண்ணாடி இல்லை, பாட்டு இல்லை. மிசுகி நானாவின் குரல் இங்கே அடித்தொண்டையில் இருக்கிறது. வசனமும் எண்ணி எண்ணித்தான். அந்தச் சண்டையில் மாட்டிக்கொள்கிற மனா என்ற பெண்ணைக் காப்பாற்றுகிறாள். மனாவுக்குக் குரல் கொடுத்தவர் நடிகை ஹாஷிமோதோ ஆய். அதே 2012-ல் 'அனதர்' என்ற திகில் கதையின் திரைப்பட வடிவத்தில் நாயகி; அதன் அனிமே வடிவத்தை அதே ஆண்டு எடுத்தவர் நம் சின்சான் இயக்குநர். சின்ன ஊர் போலிருக்கிறது அவர்களுடையது.

தொடரில் வழிந்த ரத்தத்தை நம்பிப் போனவர்கள் இந்தப் படத்தில் ஏமாந்தார்கள். இங்கே வெட்டு குறைவு, நடை அதிகம். மழை பெய்கிறது, தெருவிளக்கு எரிகிறது, ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். டோக்கியோவில் இப்போது ஓர் இளைஞர் பாதுகாப்பு விதி. சிறுவர்கள் இரவில் வெளியே வரக் கூடாது. இணையத்துக்கும் கட்டுப்பாடு. விதிக்குப் பின்னால் இருப்பது ஃபுமிதோவும் அவனுடைய 'கோபுரம்' என்ற அமைப்பும். காபிக் கடை ஏப்ரனைக் கழற்றிவிட்டு கோட்டு சூட்டில் இருக்கிறான். கம்பெனி பெயர் 'செவன்த் ஹெவன்'.

இந்த விதி ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. டோக்கியோ மாநகரத்தில் இளைஞர் நல்வளர்ச்சிக்கான விதிமுறை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைத் தக்க காரணமில்லாமல் இரவு 11 முதல் அதிகாலை 4 வரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்கிறது அது. 2010 டிசம்பரில் அதைத் திருத்தி, மங்காவிலும் அனிமேவிலும் வரும் சில வகைச் சித்திரிப்புகளைச் சிறார்களுக்கு விற்கக் கூடாது என்று இறுக்கினார்கள். ஆளுநர் இஷிஹாரா ஷின்தாரோ. மங்கா உலகம் கொதித்தது. பெரிய பதிப்பகங்கள் பத்து சேர்ந்து, அந்த ஆளுநர் தலைமையில் நடக்கும் டோக்கியோ அனிமே கண்காட்சியைப் புறக்கணிப்போம் என்று அறிவித்தன. 2011 மார்ச்சில் நிலநடுக்கம் வந்து கண்காட்சியே ரத்தானது வேறு கதை. திருத்தம் முழுதாக அமலுக்கு வந்த தேதி 2011 ஜூலை 1. 'பிளட்-சி' டிவியில் தொடங்கியதும் அதே மாதம்.

படம் எடுத்தவர்கள் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மங்கா எழுதிப் பிழைக்கிற ஒருவர், அந்த வருடத்தில், இளைஞர் பாதுகாப்பு என்ற பெயரில் நகரையே மூடி வைக்கும் வில்லனை எழுதுகிறார். படிக்கிறவன் இதைப் படிக்காமல் எப்படி விட முடியும்?

உகிஷிமாவில் ஆளுக்கு ஒரு வேஷம், ஆளுக்கு ஒரு கூலி. சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன வசனத்தைப் பேசி, சயா பார்க்காத நேரத்தில் அலுத்துக்கொள்வார்கள். டோக்கியோவில் ஃபுமிதோவுக்கு அந்தச் செலவே இல்லை. ஊர் தானாக நடிக்கிறது. இரவானால் தெரு தானாகக் காலியாகிறது. ஏன் என்று கேட்காத கூட்டம் ஒன்று காலையில் ரயிலேறிப் போய் மாலையில் ரயிலேறி வருகிறது. செட் போட வேண்டியதில்லை, கேமரா வைக்க வேண்டியதில்லை, சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. தொடரில் ஒரே ஒரு பெண் ஏமாற, ஊர் முழுக்க உண்மை தெரிந்திருந்தது. படத்தில் அது தலைகீழ். அவளுக்கு மட்டும் தெரிகிறது. இந்தத் திருப்பத்துக்காகவே எனக்கு இந்தப் படம் தொடரைவிட ஒரு படி மேல்.

எதிர்த்து நிற்பவர்கள் சில இளவட்டங்கள். ஒரு பெரிய வீட்டில் கம்ப்யூட்டர்களோடு உட்கார்ந்து ஃபுமிதோவைத் தேடுகிறார்கள். குழுவின் பெயர் 'சர்ராட்'. ஆங்கில எழுத்துகளில் SIRRUT என்று எழுதிப் பின்னாலிருந்து படித்தால் 'துர்ரிஸ்' (TURRIS), லத்தீனில் கோபுரம். படத்தை நிறுத்திக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கோபுரத்தைக் கவிழ்க்க வந்தவர்கள் கோபுரத்தையே தலைகீழாக்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோபுரத்தின் ஆள்தான் உள்ளேயும் இருக்கிறானோ என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். குழுவின் தலைவன், வீட்டுக்காரன், பணக்காரன், பொறுமைசாலி மோகாரி. அவன் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் இவன் நல்லவன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படத்துக்கு அது கடைசி அரைமணியில்தான் தெரிகிறது.

குறை என்று பார்த்தால் அங்கிருந்தே தொடங்கலாம். துரோகம் எடுபடவில்லை. குழுவில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வேலை உண்டு, ஆளுக்கு ஒரு முகம் இல்லை. கடைசிச் சண்டையில் மலை அளவு ஒரு பிராணி வருகிறது. கம்ப்யூட்டரில் செய்தது, கனமே இல்லை. சயா வாளை வீசும்போது காற்றை வீசுகிற மாதிரி இருக்கிறது. கிளாம்பின் இன்னொரு மங்காவிலிருந்து, ஆசைகளை நிறைவேற்றும் கடையின் சொந்தக்காரன் வாதனுகியும் வந்து போகிறான். தொடரில் பேசும் நாய்க்குட்டியாக வந்தவன்தான் அவன். தெரிந்தவர்கள் கைதட்டலாம், தெரியாதவர்கள் யார் இந்த ஆள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். சாதோ நாவோகியின் இசைதான் இப்படித் தொய்கிற இடங்களைத் தூக்கி நிறுத்துகிறது. பல வருடம் கழித்து, 2023-ல், 'காட்சில்லா மைனஸ் ஒன்' படத்துக்கு இசையமைத்தவர் இவரே.

சரி, முடிவு. சயா ஃபுமிதோவைக் கண்டுபிடித்து எதிரே நிற்கிறாள். பழிவாங்கும் படத்தில் இந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரமாக நம்மைத் தயார் செய்திருப்பார்கள். இங்கே அவன் ஓடவில்லை, கெஞ்சவில்லை. காபிக் கடையில் இருந்த அதே மெல்லிய குரலில் பேசுகிறான். இவ்வளவும் அவள் மேல் வைத்த ஆசையால்தான் என்பது அவன் கணக்கு. அவளைக் கிட்டே இழுத்து முத்தமிடுகிறான். வாள் இறங்குகிறது.

இந்த இடத்தில் படத்தைத் திட்டியவர்கள் உண்டு. ஊரையே கொன்றவனுக்குக் காதல் காட்சியா என்று. நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் வெற்றியும் இல்லை, காதலும் இல்லை. அவளுக்குச் சோறு போட்டவன் இவன் ஒருவன்தான். போட்ட சோறு பொய், போட்ட கை பொய், ஆனால் சாப்பிட்ட நாட்களை வயிறு மறப்பதில்லை. பந்தயத்தில் யார் வென்றார் என்று படம் சொல்லாமல் விடுகிறது. சுபாவம் மாறவில்லை, அவள் வேட்டைக்காரிதான். ஆனால் வேட்டைக்காரி கொன்ற இரையைக் கையில் தாங்கிக்கொண்டு அப்படி உட்கார்ந்திருப்பாளா? வாளை உருவிவிட்டுப் போயிருக்க வேண்டாமா?

ஷியோதானி அடுத்து எடுத்தது அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'சைக்கோ-பாஸ்'. அதிலும் நகரமே தன்னை ஒரு முறைமையிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. ஃபுமிதோவுக்குக் குரல் கொடுத்த நோஜிமா கென்ஜி அதில் அந்த முறைமையை நம்பும் காவல் அதிகாரி. அந்தக் குரலை அங்கே கேட்டதும் எனக்கு உடனே காபி வாசனைதான் வந்தது. 'சைக்கோ-பாஸ்' பெரிய பெயர் வாங்கியது, இந்தப் படத்துக்கு அந்த அளவு பெயர் இல்லை. ஒத்திகை பார்த்தவனுக்குத்தான் நாடகத்தில் எந்த இடம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

போன மாதம் தம்பி ஊருக்கு வந்திருந்தான். இந்தக் கட்டுரைக்காக நான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து படத்தின் கடைசி இருபது நிமிடத்தைப் பார்த்துவிட்டான். முன்கதையைக் கேட்டான். சொன்னேன். "நிஜமாவா? ஊரே செட்டா?" என்றான். அன்றைக்கு எழுந்து போனவன் அவனாகவே முதல் எபிசோடைப் போடச் சொன்னான்.

போட்டேன். சயா கோயில் படியிறங்கி வருகிறாள். வெயில், பச்சை மரங்கள், ஓரமாகத் தண்ணீர். அந்த அசட்டுப் பாட்டு. தம்பி சிரித்தான். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டான்.

"அண்ணா, இந்த ரோட்டுல ஏன் ஆளே இல்ல?"